கீழக்கரைச் சாலையில் ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்சி: முன்மேசை வேலை எப்படி?

ராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை போகும் சாலையில், மாடியில் இயங்கும் சின்ன அலுவலகம். பெயர் இங்கே வேண்டாம். இதே அளவில், இதே மாதிரி ஏஜென்சிகள் தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் இருக்கின்றன. இங்கே சொல்வதை வைத்து உங்கள் ஊர் அலுவலகத்தையும் நீங்களே எடைபோடலாம். ஒரு ஏஜென்ட், முன்மேசையில் இரண்டு பெண்கள், ஒரு கம்ப்யூட்டர், ஸ்கேனர், நான்கு நாற்காலி. ஆயுள், வண்டி, மெடிக்கல், படகு எல்லாம் பார்க்கிறார்கள். ஐந்துக்கு நான்கு மார்க் தரலாம். நான்கும் அந்த முன்மேசைக்குத்தான். குறைந்த ஒரு மார்க்கும் அங்கேதான் போனது.

ஏன் மேசையைப் பற்றியே பேசுகிறோம் என்றால், இழுத்தடிக்கும் கிளெய்ம் கோப்பு எதையாவது பிரித்துப் பாருங்கள். கோளாறு பெரும்பாலும் பாலிசி போட்ட அன்றைக்கே, பாரம் நிரப்பும்போதே நுழைந்திருக்கும். ஒரு எழுத்துப் பிழை, ஒரு தேதி, கேட்காமல் விட்ட ஒரு கேள்வி. பாரம் நிரப்புவது ஏஜென்ட் அல்ல, மேசையில் இருப்பவர்.

இந்த மேசையின் ஆகச் சிறந்த பழக்கம் பெயர் சரிபார்ப்பு. ப்ரொபோசல் (பாலிசி விண்ணப்ப) பாரத்தைத் தொடுவதற்கு முன்னால் ஆதார், பான், பாஸ்புக் முதல் பக்கம், வண்டி என்றால் ஆர்.சி., எல்லாவற்றையும் வரிசையாக மேசையில் பரப்புகிறார்கள். ஸ்கேலை எடுத்துப் பெயர் வரிக்குக் கீழே வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுகிறார்கள். ஆதாரில் 'முனியசாமி கா' என்று இனிஷியல் பின்னால் நிற்கும். பாஸ்புக்கில் 'கா. முனியசாமி'. பானில் அப்பா பெயர் விரிந்து 'காளிமுத்து முனியசாமி'. ஆள் ஒருவர்தான், கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடி பக்கம் 'முகமது' என்ற ஒரே பெயர் ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதப்படுகிறது. பாஸ்போர்ட்டில் ஒன்று இருக்கும், ஆதாரில் வேறொன்று இருக்கும். 2023 ஜனவரி 1 முதல் எந்த இன்சூரன்ஸ் பாலிசி எடுத்தாலும் கே.ஒய்.சி. எனப்படும் அடையாளச் சரிபார்ப்பு கட்டாயம். அதனால் அடையாள ஆவணத்தில் உள்ள பெயரை அப்படியே பாலிசியில் ஏற்றுகிறார்கள். பாஸ்புக் ஒத்துவரவில்லை என்றால் வங்கிக்கு அனுப்பித் திருத்திக்கொண்டு வரச் சொல்கிறார்கள். அன்றைக்கு அலைச்சல்தான், எரிச்சலும் வரும். பத்து வருஷம் கழித்து முதிர்வுத் தொகை 'பெயர் பொருந்தவில்லை' என்று வங்கியிலிருந்து திரும்பிப் போகாமல் இருப்பது அந்த ஒரு நாள் அலைச்சலால்தான்.

நாமினி விஷயத்திலும் அதே கறார். 18 வயது நிரம்பாத பிள்ளையை நாமினியாகப் போட்டால், அந்தப் பிள்ளைக்காகப் பணம் வாங்கிக்கொள்ள ஒரு பெரியவர் பெயரை, 'அப்பாயின்டி' என்ற கட்டத்தில் எழுத வேண்டும். பல இடங்களில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள். இன்னொன்று, கல்யாணத்துக்கு முன்னால் சபுராளியாக, அதாவது வெளிநாட்டு வேலைக்கு, போன பையன் அம்மாவை நாமினியாகப் போட்டிருப்பான். கல்யாணம் ஆகி இரண்டு பிள்ளையும் ஆகியிருக்கும், பாலிசியில் அம்மா பெயரே நிற்கும். இந்த மேசையில் ஒவ்வொரு தவணை கட்டும்போதும் "நாமினி அதேதானாண்ணே, மாத்தணுமா?" என்று கேட்கிறார்கள். ஆயுள் பாலிசி உயிரோட்டத்தில் இருக்கும்வரை நாமினியை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். ஒரு பாரம், ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்.

அடுத்தது பணம். இன்சூரன்ஸ் சட்டம் 1938-இன் 64வி.பி. பிரிவுப்படி, பிரீமியம் கம்பெனிக்குப் போய்ச் சேராமல் பொறுப்பு தொடங்காது. ஏஜென்ட் கையில் வாங்கினால் விடுமுறை நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் கம்பெனியில் செலுத்தியாக வேண்டும். "ஏஜென்ட் நம்பருக்கு ஜிபே பண்ணிட்டேன், பாலிசி இருக்குல்ல?" என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்தப் பணம் ஏஜென்டின் சொந்தக் கணக்கில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் விபத்து நடந்தால், கம்பெனியைப் பொறுத்தவரை பாலிசியே இல்லை. இந்த அலுவலகத்தில் கம்பெனி அனுப்பும் லிங்க் வழியாகத்தான் கட்டச் சொல்கிறார்கள். ரசீது உங்கள் போனுக்கே நேராக வருகிறது. ரொக்கம் கொடுத்தால் நோட்டில் தேதி, நேரம், தொகை, பாலிசி எண் எழுதி உங்களிடம் கையெழுத்து வாங்கி, மறுநாள் கம்பெனி ரசீதை அதே வரிக்கு எதிரே ஒட்டுகிறார்கள். செக் கொடுப்பவர்களிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறார்கள்: செக் திரும்பினால் பாலிசி ஆரம்பத்திலிருந்தே இல்லாத மாதிரி.

கமிஷனில் பாதியைத் திருப்பித் தருகிறாயா என்று கேட்பவர்கள் இங்கேயும் வருகிறார்கள். அதே சட்டத்தின் 41-வது பிரிவுப்படி அது குற்றம், அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை போகும் என்று மேசையிலேயே மறுத்துவிடுகிறார்கள். பக்கத்துத் தெருவில் தருகிறார்கள் என்று எழுந்து போகிறவர்களும் உண்டு. போகட்டும், இது சரியான நடைமுறை.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மெடிக்கல் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது; முன்பு மெடிக்கலுக்கு 18%. ரினியூவல் நோட்டீஸ் வந்தால் பழைய வருஷத் தொகையோடு ஒப்பிட்டு, வித்தியாசம் எங்கிருந்து வந்தது, வரி போனதாலா, வயது ஏறியதாலா என்று பேனாவால் குறித்துத் தருகிறார்கள். கேட்காமலேயே செய்கிறார்கள் என்பதுதான் விசேஷம்.

இனி வண்டி. டி.என். 65 வண்டிகள்தான் இந்த மேசையின் அன்றாடப் பிழைப்பு. அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. 2018 செப்டம்பர் 1 முதல் புது டூவீலருக்கு 5 வருஷம், புது காருக்கு 3 வருஷம் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் (நம் வண்டியால் அடுத்தவருக்கு வரும் பாதிப்புக்கானது) சேர்த்தே போடுகிறார்கள். ஷோரூமில் கொடுத்த தாளில் '5 வருஷம்' என்று பார்த்துவிட்டு, அடுத்த வருஷம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அந்தத் தாளை நன்றாகப் படித்தால் இரண்டு தேதிகள் இருக்கும்: தேர்டு பார்ட்டிக்கு ஒன்று, ஓ.டி. எனப்படும் சொந்தச் சேதத்துக்கு ஒன்று. பல பாலிசிகளில் ஓ.டி. ஒரே வருஷத்தில் முடிந்துவிடும். வண்டி திருடு போன பிறகுதான் இது தெரியவருகிறது. இந்த மேசையில் பாலிசியைக் கையில் கொடுக்கும்போது ஓ.டி. முடியும் தேதியை மட்டும் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டுக் கொடுக்கிறார்கள். 30 நாள், 15 நாள், 7 நாள் முன்னால் போன் வருகிறது. ஓ.டி. காலாவதியாகிவிட்டால் வண்டியைப் படம் பிடித்து இன்ஸ்பெக்‌ஷன் முடித்தபிறகுதான் திரும்பப் போட முடியும். 90 நாள் தாண்டினால் என்.சி.பி., அதாவது கிளெய்ம் கேட்காததற்குக் கிடைக்கும் பிரீமியத் தள்ளுபடி, மொத்தமும் போய்விடும். கிளெய்ம் இல்லாத ஐந்து வருஷத்தில் 20, 25, 35, 45, 50 என்று சதவீதம் ஏறிவந்ததை, ஓ.டி. பிரீமியம் 6,000 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 3,000 ரூபாயை, ஒரு மறதியில் விடுகிறோம்.

பழைய வண்டி வாங்கினால் 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் பெயர் மாற்ற மனு கொடுக்க வேண்டும். தேர்டு பார்ட்டிப் பாதுகாப்பு வண்டியோடு வந்துவிடும். சொந்தச் சேதம் பெயர் மாறும்வரை உங்களுக்கு வராது. விற்றவருடைய என்.சி.பி. அவரோடு போய்விடும், ஆகவே வித்தியாசத் தொகை கட்ட வேண்டியிருக்கும். இதைப் புரோக்கர்கள் சொல்வதில்லை. இங்கே சொல்கிறார்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த மேசையின் போன் ஓயாது. தாழ்வான தெருவில் நின்ற காருக்குள் தண்ணீர் ஏறியிருக்கும். போனை எடுத்ததும் அந்தப் பெண் கேட்கும் முதல் கேள்வி பாலிசி எண் அல்ல. "அண்ணே, சாவியத் திருகினீங்களா? திருகாதீங்க. ஸ்டார்ட் பண்ணிப் பாக்கவே வேணாம்." காரணம் இருக்கிறது. எஞ்சினுக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் தண்ணீரை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துபோகும். தண்ணீர் ஏறியது வெள்ளச் சேதம். ராடு வளைந்தது நாம் ஸ்டார்ட் செய்ததால் வந்த பின்விளைவு என்று சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் எழுதுவார், சாதாரண பாலிசியில் அந்தச் செலவு நம் தலையில். எஞ்சின் ப்ரொடெக்ட் என்ற கூடுதல் பிரிவு சேர்த்திருந்தால்தான் அதற்கு வழி. அடுத்து: நம்பர் பிளேட் தெரிகிற மாதிரி ஒரு படம், கதவில் தண்ணீர் நின்ற கோடு தெரிகிற மாதிரி ஒன்று, டேஷ்போர்டு ஒன்று. பிறகு கம்பெனி நம்பருக்கு அடித்து கிளெய்ம் எண் வாங்குவது. அதற்கப்புறம்தான் டோயிங், வண்டியை இழுத்துப் போவது. இந்த வரிசையை ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். போனிலும் அதே வரிசையில்தான் பேசுகிறார்கள். பதறிப்போய் அழைப்பவருக்கு இது பெரிய உதவி.

உப்புக்காற்றில் அடிச்சட்டம் துருப்பிடித்ததற்கு எந்தப் பாலிசியிலும் பணம் கிடையாது, அது தேய்மானம். பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி மாற்றினால் 50% கழித்துத்தான் தருவார்கள், ஃபைபர் என்றால் 30%, கண்ணாடிக்குக் கழிவில்லை. இந்தக் கழிவு இல்லாமல் செய்யும் ஜீரோ டெப்ரிசியேஷன் பிரிவை எடுக்காதவர்களுக்கு ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட்டைப் பார்த்து உங்கள் கையிலிருந்து எவ்வளவு போகும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுத் தருகிறார்கள். பில் கொடுக்கும் நாளில் சண்டை வராமல் இருக்க இதைவிட நல்ல வழி இல்லை.

படகு வேலைதான் இந்த அலுவலகத்தை மற்ற ஊர் அலுவலகங்களிலிருந்து பிரிக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகைக் கரையேற்றி மராமத்து பார்க்கும் நேரம் அதுதான். அடிப்பலகை, ஏறாப்பலகை எல்லாம் வெளியே தெரியும். சர்வேயர் வந்து மதிப்புப் போட அதைவிட நல்ல காலம் கிடையாது. மேசையில் மார்ச் கடைசியிலேயே பட்டியல் எடுத்துப் படகுக்காரர்களுக்குப் போன் போடுகிறார்கள். கேட்கும் காகிதங்கள்: மீன்துறைப் பதிவுச் சான்று, மீன்பிடி உரிமம், எஞ்சின் எண்ணும் குதிரைத்திறனும், கட்டிய செலவுக்கான பில், பக்கவாட்டில் எழுதிய ஐ.என்.டி. டி.என். 10 என்று தொடங்கும் எண் முழுசாகத் தெரியும் படம். கோளாறு நடக்கும் இடம் எஞ்சின். சீசன் நடுவில் பழைய எஞ்சினைத் தூக்கிவிட்டு வேறொன்றை இறக்கியிருப்பார்கள், கம்பெனிக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். மூழ்கிய பிறகு எஞ்சின் எண் ஒத்துப்போகாது. எஞ்சின் மாற்றிய வாரத்திலேயே எண்டார்ஸ்மென்ட், அதாவது பாலிசியில் திருத்தம், போட வேண்டும். வலை, ஜி.பி.எஸ்., எக்கோ சவுண்டர் ஆகியவை தனித்தனியாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்பதையும் பாலிசி அட்டவணையில் பார்த்துக்கொள்ள வேண்டும். 'படகு' என்ற ஒரு சொல்லுக்குள் அவை தானாக அடங்கிவிடும் என்று நம்பக் கூடாது. பாக் நீரிணைப் பக்கம் தொழில் செய்பவர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய இன்னொன்று: பிடிப்பு, பறிமுதல், தடுத்துவைப்பு ஆகியவை ஹல் (படகு உடல்) பாலிசிகளின் வழக்கமான விலக்குகள், அவற்றுக்குப் பணம் கிடையாது. இந்த மேசையில் அந்த வரியை விரலை வைத்துக் காட்டி, படித்துச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்து வாங்குகிறார்கள். வியாபாரம் போய்விடுமோ என்று அந்த வரியைத் தாண்டிப் போகாத மேசைக்கு மரியாதை கொடுக்கத் தோன்றுகிறது.

ஆள் காப்பீட்டில், பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் கீழ் மீனவர்களுக்கு குழு விபத்துக் காப்பீடு இருக்கிறது: 18 முதல் 70 வயது வரை, விபத்து மரணம் அல்லது முழு நிரந்தர ஊனத்துக்கு 5 லட்சம், பகுதி நிரந்தர ஊனத்துக்கு 2.5 லட்சம், மருத்துவமனைச் செலவுக்கு 25,000 ரூபாய். மீனவர் கையிலிருந்து பிரீமியம் எதுவும் இல்லை. அது மீன்துறை வழியாகப் போகும் வேலை. ஆனாலும் 'உங்க பெயர் சேர்ந்திருக்கா' என்று கேட்டு, இல்லை என்றால் மீன்துறை அலுவலகத்துக்கு அனுப்புகிறார்கள். வங்கியில் வருஷத்துக்கு 20 ரூபாய் விபத்துக் காப்பீட்டுத் திட்டம், 436 ரூபாய் ஆயுள் காப்பீட்டுத் திட்டம் இரண்டுக்கும் மே கடைசியில் கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி வாட்ஸ்அப் அனுப்புகிறார்கள். தடைக்காலத்தில் வருமானம் இல்லாமல் கணக்கு வறண்டு கிடக்கும், ஆட்டோ டெபிட் எடுக்க வரும் நேரமும் அதேதான். அந்த ஒரு செய்தி எத்தனையோ வீடுகளுக்குக் காப்பு.

கடலில் காணாமல் போனவர் வீட்டார் வந்தால் மேசையில் காட்டும் நிதானம் தனியாகக் குறிப்பிட வேண்டியது. உடல் கிடைக்காமல் இறப்புச் சான்று எளிதில் கிடைக்காது; ஏழு வருஷம் தகவல் இல்லாவிட்டால்தான் சட்டம் இறந்ததாக அனுமானிக்கும். அதுவரை ஆயுள் பாலிசி பிரீமியத்தைக் கட்டிக்கொண்டிருந்தால்தான் பாலிசி உயிரோடு நிற்கும். இதை முதல் வாரத்திலேயே யாராவது சொல்லாவிட்டால் குடும்பம் கட்டுவதை நிறுத்திவிடும், எல்லாம் போய்விடும். கடலோரக் காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் நகல், கடலுக்குப் போன அன்று மீன்துறையில் வாங்கிய டோக்கன் விவரம், கூடப் போனவர்களின் வாக்குமூலம் மூன்றையும் அப்போதே வாங்கிப் பத்திரப்படுத்தச் சொல்கிறார்கள். ஏழு வருஷம் கழித்துத் தேடினால் கிடைக்கும் காகிதங்கள் இல்லை அவை.

மெடிக்கல் பாலிசியில் சர்க்கரை, பிரஷர் இருக்கிறதா என்று மேசையில் நேராகக் கேட்கிறார்கள். 'எழுத வேணாம், பாத்துக்கலாம்' என்ற பேச்சு இல்லை. முன்பே இருந்த நோய்க்குப் பணம் கிடைக்கக் காத்திருப்பு அதிகபட்சம் 3 வருஷம், தொடர்ந்து 5 வருஷம் பாலிசி ஓடிவிட்டால் மோசடி தவிர வேறு காரணத்துக்காகக் கம்பெனி பழையதைக் கிளற முடியாது. மறைத்தால்தான் ஆபத்து. நோயாளியை மதுரைக்குக் கொண்டு போகும்போது அறை வாடகை வரம்பை நினைவூட்டுகிறார்கள். வரம்பு 5,000 ரூபாய் இருக்கையில் 8,000 ரூபாய் அறையில் படுத்தால், நஷ்டம் 3,000 மட்டும் அல்ல. டாக்டர் பீஸ், ஆபரேஷன் தியேட்டர் உட்பட அறையைச் சார்ந்த செலவுகள் எல்லாவற்றிலும் எட்டில் ஐந்து பங்குதான் கிடைக்கும். கேஷ்லெஸ் (கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேராகக் கட்டும்) அனுமதிக்கு ஒரு மணி நேரம், டிஸ்சார்ஜ் இறுதி அனுமதிக்கு மூன்று மணி நேரம் என்பது 2024-இல் வந்த விதி.

இந்த மேசையின் குறையும் இங்கேதான். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் அந்த நம்பரை யாரும் எடுப்பதில்லை, ஏஜென்டின் போனும் பாதி நாள் பிஸி. நெஞ்சுவலி அலுவலக நேரம் பார்த்து வராது. பாலிசியில் உள்ள டி.பி.ஏ. (கம்பெனிக்காக மெடிக்கல் கிளெய்ம் பார்க்கும் நிறுவனம்) நம்பரை ஒரு ஸ்டிக்கரில் அச்சடித்து அட்டையின் பின்னால் ஒட்டிக் கொடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். கிளெய்ம் வேலை தெரிந்தவர் இருவரில் ஒருவர்தான். அவர் லீவு போட்டால் கோப்பு அப்படியே கிடக்கிறது. இன்வர்டு நோட்டில் காகிதம் வந்தது எழுதப்படுகிறது, கம்பெனிக்குப் போனது எழுதப்படுவதில்லை. அவுட்வர்டு பத்தி ஒன்று கோடு போட ஐந்து நிமிஷம் ஆகுமா?

ஆதார் நகல்கள் எல்லாம் வாட்ஸ்அப்பில் வாங்கப்பட்டு அப்படியே போனில் கிடக்கின்றன. அப்லோட் ஆனதும் அழிக்க வேண்டும், ஆதாரில் முதல் எட்டு எண்களை மறைத்த நகலே பெரும்பாலும் போதும். புது ஆயுள் பாலிசி எடுத்தவரிடம், பிடிக்கவில்லை என்றால் கையில் கிடைத்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று சொல்வதில்லை. சொல்ல வேண்டிய கடமை இருக்கிறது. புகார் வழியும் சுவரில் இல்லை: முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரி, 14 நாளில் பதில் இல்லை என்றால் பீமா பரோசா என்ற இணையப் புகார்த் தளம் அல்லது 155255, அதற்கும் மேல் இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேன் எனப்படும் குறைதீர்ப்பாளர். அங்கே கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரை உத்தரவு போடலாம், கம்பெனி மறுத்த ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும்.

பயிர் இன்சூரன்ஸ் இங்கே இல்லை. கேட்டு வந்தவர்களை அடங்கலோடு (வி.ஏ.ஓ. தரும் சாகுபடிச் சான்று) இ-சேவை மையத்துக்கோ கூட்டுறவு வங்கிக்கோ அனுப்புகிறார்கள். சம்பா நெல்லுக்கு விவசாயி பங்கு 1.5%, மிளகாய்க்கு 5% வரை என்பதையும் சொல்லியே அனுப்புகிறார்கள்.

இந்த மாதிரி மேசையில் வேலைக்குச் சேர நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. டைப்பிங்கும் எக்செல்லும் ஒரு மாதத்தில் வந்துவிடும். காலையில் டியூ (தவணை கட்ட வேண்டியவர்கள்) பட்டியல், நண்பகல் வரை அப்லோட், மதியத்துக்கு மேல் கிளெய்ம் போன்கள், மாலையில் ரொக்கம் சரிபார்ப்பு என்று நாள் ஓடும். கஷ்டம் எதில் என்றால், ஏஜென்ட் அவசரப்படுத்தும்போது 'இந்த நோய்க் கேள்விக்கு அவரே பதில் சொல்லணும், நான் இல்லைன்னு டிக் பண்ண மாட்டேன்' என்று நிற்பதில். பாலிசி விற்கும் உரிமை ஏஜென்டுக்கு மட்டுமே. மேசையில் இருப்பவர் விளக்கலாம், காகிதம் வாங்கலாம், இதை எடுங்கள் என்று தள்ளக் கூடாது. அந்த எல்லை தெரிந்தவராக இருந்தால் இந்த வேலை நிலைக்கும்.

போகிறவர்கள் கவனத்துக்கு: ராமேஸ்வரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும், மற்ற நாட்களில் படகுக்காரர்கள் கூட்டம் இருக்கும். வண்டி, மெடிக்கல் வேலை என்றால் திங்களோ புதனோ காலை பத்தரைக்குப் போங்கள். ஆதார், பான், பாஸ்புக் மூன்றின் ஒரிஜினல், பழைய பாலிசி, இரண்டு போட்டோ, கேன்சல் செய்த ஒரு செக் லீஃப். ஜெராக்ஸ் கடை கீழேயே இருக்கிறது.